கிணற்றடிக் கல்லும் பில்லியட் மேசையும்

பழம்பொருளைப் புதுக்க முற்படுவோர் முதலில் மெருகெண்ணெயைத் தேடுவது வழக்கம். எங்கள் வீட்டிலே அப்பணி கிணற்றடியில் ஆரம்பமாயிற்று என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைத்தபின் சற்றே செவிசாய்க்க வேண்டுகிறேன்.

என் பெரியப்பாவிடம் எட்டடி நீளமும் நான்கடி அகலமுமான பில்லியட் மேசையொன்று இருந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய ஒருவரின் மக்களிடமிருந்து அதனை விலைக்கு வாங்கியிருந்தார். கோல் பிடித்து நின்று ஆட மேசையின் நாற்புறமும் ஐந்தடி இடம் வேண்டும். ஆகவே கூடத்துக் கதிரைகளெல்லாம் விறாந்தைக்குக் குடிபெயர்ந்தன. பெரியம்மா அதனை மன்னித்தாரென்று நான் நெடுங்காலம் எண்ணியதில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. 1996 இல் நாங்கள் மீண்டபோது பெரியப்பா எங்களுடன் இல்லை. இடம்பெயர்ந்திருந்த ஊரிலேயே காலமாகிவிட்டார். மேசையின் மரமும் இல்லை. ஒரு கால் மட்டும் மாட்டுக்கொட்டிலில் கிடந்தது. கூடத்து நிலத்திலே மூன்று கற்பலகைகள் எஞ்சியிருந்தன. ஒவ்வொன்றும் எண்பது கிலோவுக்குக் குறையாத பாரமாதலால் எவரும் அவற்றை நாடவில்லைப் போலும். பெரியம்மா ஆட்களைப் பிடித்து அவற்றைக் கிணற்றடியில் பதிப்பித்தார். அன்றுதொட்டு அக்கல்லிலே நின்று குளித்தோம். அக்கல்லிலே உடுப்புத் தோய்த்தோம். கணவரின் விளையாட்டின்மேல் அவர் தீர்த்துக்கொண்ட பழி அது என்றே நான் கருதினேன்.

மேசைக்குக் கல் எதற்கு என மாணவர் சிலர் வினவினர். மரப்பலகை மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும். பந்து நேரே ஓட அசையாத தளம் வேண்டும். லண்டனில் மேசை செய்துவந்த ஜோன் தேர்ஸ்டன் என்பார் 1826 இல் பலகைக்கல்லைப் புகுத்தினார். கூரை வேயவும் உதவும் அக்கல் நீரை உறிஞ்சுவது மிக அரிது. பன்னிரண்டடி நீளமான முழுமேசைக்கு ஐந்து கற்கள் வேண்டும். அதன் மொத்தப் பாரம் ஒரு தொன்னைத் தாண்டும்.

இவ்வாட்டம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. ஸ்னூக்கர் என்னும் அதன் கிளை 1875 இல் இந்தியாவின் ஜபல்பூரில், ஆங்கிலப் படையினர் கூடும் இடத்தில் பிறந்தது. பின்னர் உதகமண்டலத்துக் கழகத்தில் விதிகள் பெற்றது. 1973 இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட் போட்டியில் வாகை சூடியவர் நம் நாட்டு எம். ஜே. எம். லாபிர். பெரியப்பா அவ்வெற்றியைத் தாம் பெற்ற வெற்றிபோலச் சொல்லிக்கொள்வார்.

சென்ற ஆண்டு கிணற்றடியைச் சீமெந்தினால் திருத்த முனைந்தோம். கல்லைப் பெயர்த்துப் புரட்டியதும் ஓடாவியார் திகைத்து நின்றார். மண்ணிலே கவிழ்ந்திருந்த முகம் கண்ணாடிபோல் வழுவழுப்பாயிருந்தது. ஒரு கீறலும் இல்லை. பெரியம்மா வாசற்படியிலிருந்து சொன்னார்:

"முகத்தைக் கவிட்டு வைக்கச் சொன்னது நான்தான், தம்பி. பாவிக்கிற கல்லை ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகாயினம். அவர் அந்த முகத்திலை ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூட வைக்க விடேல்லை."

கால் நூற்றாண்டுக்கு மேலாக நான் பழியென்று எண்ணியது காவலாக இருந்தது. அன்றே மேசையைப் புதுக்குவதென்று துணிந்தேன்.

எஞ்சிய ஒற்றைக் காலை மாதிரியாகக் கொண்டு ஓடாவியார் ஏனைய கால்களை வேம்பில் கடைந்தார். புதியவற்றைப் பழையதன் நிறத்துக்குச் சாயமேற்ற வேண்டாமென்று தடுத்தேன். எது தப்பியது, எது பின்னர் வந்தது என்பது பார்ப்போர்க்குத் தெரியட்டும். கற்களை நிழலில் உலரவிட்டு, சட்டத்தின்மேல் ஏற்றி, ரசமட்டம் வைத்து, சீட்டுக்கட்டுத் தாள்களைச் செருகிச் செருகி மட்டம் பார்த்தோம். இதற்கே மூன்று நாட்கள் சென்றன. மூட்டுகளைத் தேன்மெழுகால் அடைத்தோம். ஓரத்து இறப்பரையும் கம்பளித் துணியையும் கொழும்பிலிருந்து வருவித்தோம். அத்துணிக்கு மயிர்ப்போக்கு ஒன்றுண்டு. அப்போக்கிலேயே துலக்க வேண்டும், எதிராகத் துலக்கினால் கெட்டுவிடும்.

அக்காலத்திலே பந்துகளை யானைத் தந்தத்தில் கடைந்தனர். ஒரு கொம்பிலே சில பந்துகளே தேறும். அதனால் 1863 இல் நியூயோர்க் நிறுவனமொன்று மாற்றுப்பொருள் காண்பவர்க்குப் பத்தாயிரம் டொலர் பரிசு அறிவித்தது. அத்தேடலே பிளாஸ்டிக் யுகத்துக்கு ஒரு வாயிலாயிற்று. எங்கள் பந்துகளும் பிசின்பந்துகளே, யானைக்குக் கேடில்லை.

வேலை முடிந்த மாலை, பந்தொன்றை மெல்ல உருட்டினேன். மூன்று கல்லையும் கடந்து, எப்பக்கமும் சாயாது எதிர்க்கரையைத் தொட்டு நின்றது. என் மகன் மகிழ்ச்சியில் தேநீர்க் கோப்பையை மேசை விளிம்பிலே வைத்தான்.

"எடடா அதை!" என்றார் பெரியம்மா. அதட்டல் அச்சொட்டாகப் பெரியப்பாவுடையதாக இருந்தது.