சுண்டைக்காய்னா அவ்வளவு இளக்காரமா?

ஒருத்தரை மட்டம் தட்டணும்னா நம்மாளுங்க வாயில முதல்ல வர்ற காய் சுண்டைக்காய்தான். சுண்டைக்காய் பய, சுண்டைக்காய் ஊரு, சுண்டைக்காய் விஷயம்... கத்திரிக்கோ முருங்கைக்கோ இந்த அவமானம் கிடையாது. போதாக்குறைக்கு ஒரு பழமொழி வேற: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இந்தப் பழமொழியை வேற எதையாவது கிண்டல் பண்ணத்தான் எல்லாரும் எடுக்கறாங்க. நேரா சுண்டைக்காயைப் பத்தினதா யாரும் படிக்கிறதில்லை. சுமைகூலிங்கற இடத்துல பறிப்புக்கூலின்னு போட்டுப் பாருங்க. அது கிண்டல் இல்லை, வேளாண்மைக் கணக்கு! ஒரு சென்டிமீட்டர் அகலக் காயை, கொக்கி முள்ளு இருக்கற கிளைக்கு நடுவுல கைய விட்டு, கொத்துக் கொத்தா கிள்ளி, காம்பு நீக்கி ஒரு கிலோ சேர்க்கறதுக்குள்ள, பக்கத்து வயல்ல ஒருத்தர் கத்திரிக்காய் மூட்டையே கட்டி முடிச்சிருப்பார். கூலியைக் கழிச்சா கையில எதுவும் நிக்காது. அதனாலதான் எங்க நெய்க்காரப்பட்டி பக்கம் கரும்பு, நெல்லு, தென்னை, மக்காச்சோளம்னு எது வேணா போடுவாங்க, சுண்டைக்காய் தோட்டம்னு ஒண்ணு நான் பார்த்ததே இல்லை. ஆனா வாய்க்கால் ஓரம், வேலிக்கால், குப்பைமேடுன்னு எங்க பார்த்தாலும் செடி மட்டும் நிக்கும். யாரும் நடலை, யாரும் தண்ணி ஊத்தலை. காக்கா, மைனா, வவ்வால் உபயம்.

என் கட்சி இதுதான்: சுண்டைக்காய் வயலுக்கான பயிர் இல்லை, ஒத்துக்கறேன். அது வீட்டுக்கான செடி, அப்புறம் வயலுக்கான வேர். இந்த ரெண்டு வேலைக்கும் அதை விட்டா ஆள் கிடையாது. ரெண்டையும் நாம ஒழுங்கா பயன்படுத்தலை.

முதல்ல வீடு. கால் சென்ட் இடம் இருந்தா போதும். கூலி கணக்கு இங்க செல்லாது, ஏன்னா சாயங்காலம் பேச்சுவாக்குல ரெண்டு கை பறிச்சா அன்னிக்குக் குழம்பு முடிஞ்சுது. விதையில இருந்து வளர்க்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுண்டை விதை சோம்பேறி. தக்காளி விதை ஒரு வாரத்துல தலை நீட்டும், இது ரெண்டு மூணு வாரம் எடுக்கும், அதுவும் ஒண்ணு இன்னிக்கு, இன்னொண்ணு அடுத்த வாரம்னு தவணை முறையில. பச்சைக்காய் விதை முளைக்காது. மஞ்சளா பழுத்த பழத்தைப் பிசைஞ்சு, கொழகொழப்பு போக அலசி, நிழல்ல உலர்த்தி விதைக்கணும். பொறுமை இல்லைன்னா முத்தின குச்சியை வெட்டி நட்டாலே வரும்.

வந்துட்டா அப்புறம் கவலை இல்லை. ரெண்டு மூணு மீட்டர் உயரம், பெரிய பெரிய இலை, கொத்து கொத்தா வெள்ளைப் பூ, நடுவுல மஞ்சள். வருஷக்கணக்கா நிக்கும். காய்ப்பு குறைஞ்சா இடுப்பளவுக்கு வெட்டி விட்டா திரும்ப தழைச்சு வரும். தண்ணி தேங்காம இருந்தா எந்த மண்ணும் சரி. இலையைச் சல்லடையா அரிக்கற புள்ளி வண்டும் மாவுப்பூச்சியும் வரும். வண்டைக் கையால பொறுக்கலாம், மாவுப்பூச்சியைத் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுக் கழுவலாம். ஒரு வீட்டுச் செடிக்கு மருந்துக்கடை வாசலை மிதிக்க வேண்டியதில்லை.

இப்ப வேர் விஷயத்துக்கு வர்றேன். உண்மையா இந்தப் பதிவே அதுக்காகத்தான்.

கத்திரி போட்டவங்களைக் கேட்டுப் பாருங்க. நல்லா பூத்துக் காய்க்க ஆரம்பிக்கிற நேரத்துல, காலையில பச்சையா நின்ன செடி மத்தியானம் தலை தொங்கும். ஒரு வாரத்துல வரிசை வரிசையா போயிடும். இது தண்ணிக் குறை இல்லை, பாக்டீரியா வாடல். சந்தேகம் இருந்தா அடித்தண்டை வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணியில தொங்க விடுங்க, வெட்டுவாயில இருந்து பால் மாதிரி நூல் நூலா இறங்கும். அதுதான் கிருமி. மண்ணுல இருக்கற இதுக்கு மேல இருந்து எதைத் தெளிச்சும் பிரயோசனம் இல்லை. கூடவே வேர்ல முடிச்சு முடிச்சா கட்டி வைக்கற நூற்புழு. அது போடற ஓட்டை வழியா கிருமி சுலபமா உள்ள போகும், ரெண்டும் கூட்டாளிங்க. ஒரே நிலத்துல வருஷா வருஷம் கத்திரி, தக்காளி, மிளகாய்னு ஒரே குடும்பத்தையே மாத்தி மாத்திப் போட்டா மண்ணு அந்தக் கூட்டாளிங்களுக்கு ஹோட்டல் ஆயிடும்.

சுண்டை வேர் இந்த ரெண்டுக்கும் பெரும்பாலும் அசையாது. அதே குடும்பம், அதே சொலானம் இனம், ஆனா முரட்டுப் பங்காளி. அதனால சுண்டை நாத்தோட அடித்தண்டை வச்சுக்கிட்டு, மேல கத்திரி நாத்தோட தலையை ஒட்டிட்டா, மண்ணுக்குள்ள சுண்டை, மண்ணுக்கு மேல கத்திரி. காய் கத்திரிக்காயேதான், சுண்டைக்காய் இல்லை (இதைக் கேட்காத ஆளே கிடையாது).

இது புதுசும் இல்லை. காய்கறி ஒட்டு ஜப்பான்லயும் கொரியாவிலயும் 1920கள்ல தர்பூசணியில ஆரம்பிச்சு, 1950கள்ல கத்திரிக்கு வந்தது. இன்னிக்கு அங்க கத்திரி ஒட்டுக்குத் தேர்ந்தெடுத்த சுண்டை ரகங்களையே விதைப் பாக்கெட்டா விக்கறாங்க. நாம வேலியில இருந்து பிடுங்கி எறியறதை அவங்க காசு குடுத்து வாங்கறாங்க :-)

செய்முறை ஒண்ணும் ராக்கெட் விட்ற வேலை இல்லை. சுண்டை சோம்பேறின்னு சொன்னேனே, அதனால கத்திரி விதைக்கறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே சுண்டையை விதைக்கணும். ரெண்டு தண்டும் ஒரே தடிமன் ஆகும்போது, சுண்டையைக் குறுக்கே வெட்டி நடுவுல பிளந்து, கத்திரித் தண்டை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, சின்ன கிளிப் மாட்டணும். அப்புறம் ஒரு வாரம் நிழல்ல, பாலித்தீன் கூடாரத்துக்குள்ள, ஈரப்பதம் குறையாம. இந்த ஒரு வாரத்துலதான் எல்லாம் இருக்கு. நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலயே இருக்கணும், புதைஞ்சா கத்திரித் தண்டு தனியா வேர் விட்டு, பட்ட பாடு வீண். ஒட்டுக்குக் கீழ வர்ற சுண்டைத் தளிரை அப்பப்ப கிள்ளணும். கிள்ளாம விட்ட ஒரு தோட்டத்தைப் பார்த்தேன், மூணு மாசத்துல கத்திரியை அமுக்கிட்டு சுண்டை ஜம்முன்னு நின்னுச்சு.

இதுல இன்னொண்ணையும் சொல்லணும், இல்லைன்னா விளம்பரம் மாதிரி ஆயிடும். காய்ப்புழுவுக்கு இது மருந்து இல்லை. தண்டையும் காயையும் துளைக்கற அந்தப் புழுதான் கத்திரியில மருந்தடிக்கறதுக்கு முக்கியக் காரணம். அதுக்காகத்தான் பி.டி. கத்திரி வந்தது, நம்ம கோவை வேளாண் பல்கலையும் அதுல பங்காளி, 2010 பிப்ரவரியில மத்திய அரசு அதை நிறுத்தி வச்சது, 2013ல பங்களாதேஷ் அனுமதிச்சது... அது தனி ராமாயணம். வேர் மாத்தறது வேர் பிரச்சினைக்குத்தான். அதே மாதிரி தக்காளிக்கு சுண்டை அவ்வளவா ஒத்துப் போகாது. தக்காளிக்கு தைவான்ல இருக்கற உலகக் காய்கறி மையம் சிபாரிசு பண்றது ஈ.ஜி. 203ங்கற கத்திரி வேர். 2021ல வாரணாசி காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் ஒரே செடியில கத்திரியும் தக்காளியும் காய்க்க வச்சு 'பிரிமேட்டோ'ன்னு பேர் வச்சாங்க. மொட்டை மாடிக்கு அழகுதான். ஆனா எல்லாரும் அந்த வித்தையை மட்டும் வீடியோ எடுத்துப் போட்டுட்டு, அடியில இருக்கற வேரைப் பத்தி மூச்சு விடறதில்லைங்கறதுதான் எனக்கு எரிச்சல்.

எங்க திண்டுக்கல் மாவட்டத்துல ரெட்டியார்சத்திரத்துல இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்துல காய்கறி மகத்துவ மையமே இருக்கு. காய்கறிக்குப் பேர் போன ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கத்துல இருக்கு. சுத்துப்பட்டுல குழித்தட்டு நாத்து விக்கற பண்ணைகளுக்கும் குறைவில்லை. ஆனா நடவு நேரத்துல ஒட்டு கத்திரி நாத்து வேணும்னு நாத்துப்பண்ணை வாசல்ல போய் நின்னா, "முன்னாடியே சொல்லியிருக்கணுங்க"ன்னுதான் பதில் வருது. சாதா நாத்தை விட விலை பல மடங்கு, அது நியாயம்தான், ஒவ்வொண்ணும் கையால ஒட்டறது. சின்ன விவசாயி அந்த விலையைப் பார்த்ததும் பின்வாங்கறார், பண்ணைக்காரர் கேட்க ஆள் இல்லைன்னு ஒட்டறதில்லை. கோழியா முட்டையான்னு நிக்குது.

என்னைக் கேட்டா மானியத்தை நாத்துக்குக் குடுக்கறதை விட கைக்குக் குடுக்கலாம். பிளேடு, கிளிப், ஒரு நிழல்வலைக் கூடாரம், பத்து நாள் பயிற்சி. பூ கட்டற கையோட வேகத்துக்கு ஒட்டுக் கட்டறது பெரிய விஷயமா? இந்தப் பக்கத்துல வெயில்ல குனிஞ்சு களை எடுக்கற பெண்களுக்கு நிழல்ல உக்காந்து செய்யற கைத்தொழில் அது. நாத்து உள்ளூர்லயே உருவானாத்தான் விலை இறங்கும். வாடல் வந்த காட்டுல கத்திரியே இனி வேண்டாம்னு மக்காச்சோளத்துக்குப் போனவங்க திரும்பி வர ஒரு வழி கிடைக்கும்.

சுண்டையை நம்ம பூர்வீகச் செடின்னு நெஞ்சை நிமிர்த்தறவங்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம். தாவரவியல்படி இதோட சொந்த ஊர் மேற்கிந்தியத் தீவுகள், மத்திய அமெரிக்கா பக்கம். 1788ல இதுக்கு சொலானம் டார்வம்னு பேர் வச்ச ஒலாஃப் ஸ்வார்ட்ஸ் அந்தத் தீவுகள்ல சுத்தின ஸ்வீடன்காரர். மிளகாய், தக்காளி மாதிரி இதுவும் கப்பலேறி வந்த விருந்தாளிதான். வந்த இடத்துல தாய்லாந்துக்காரங்க பச்சைக் கறியில போட்டாங்க, நாம வத்தக்குழம்புல போட்டோம். ஆஸ்திரேலியாவுல இதுக்குப் 'பிசாசு அத்தி'ன்னு பேரு, களை. அமெரிக்காவுல மத்திய அரசோட தீய களைப் பட்டியல்லயே இருக்கு. அதனால காட்டோரம், மலையடிவாரத்துல கொண்டு போய் நடாதீங்க. வீட்டுச் செடியில பழுக்க விடாம பறிச்சுட்டா பறவை விதை பரப்பாது.

இன்னொரு கோபம், மருத்துவக் குணம் பத்தின ஃபார்வர்டு மெசேஜ். சர்க்கரைக்கு, ரத்தசோகைக்கு, கொழுப்புக்குன்னு சகலத்துக்கும் ஒரே காய். நல்ல காய், சந்தேகமில்லை. ஆனா இது நைட்ஷேட் குடும்பம், கசப்புக்குப் பின்னாடி ஆல்கலாய்டு இருக்கு. ஜமைக்காவுல இதைச் சுசும்பர்னு சமைக்கிறாங்க. வழக்கத்தை விட ரொம்பக் கசந்த காயைத் தின்னு தலை சுத்தி, பேச்சுக் குழறி, நடை தள்ளாடி ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க பத்தி மருத்துவ இதழ்கள்ல வந்திருக்கு. பச்சையா மென்னு முழுங்காதீங்க, ஜூஸ் போடாதீங்க. எங்க அம்மாயி எந்த ஆராய்ச்சியும் படிக்காமலே, காயை நசுக்கி விதை போக ரெண்டு தண்ணியில அலசிட்டுத்தான் அடுப்புல போடும்.

கொசுறா வத்தல் பக்குவம். காம்பு நீக்கின காயை அம்மிக்குழவியால லேசா தட்டுங்க, பிளந்தா போதும், கூழாகக் கூடாது. நல்லா புளிச்ச மோர்ல உப்புப் போட்டு ராத்திரி ஊற விட்டு, பகல்ல காயை மட்டும் பிழிஞ்சு வெயில்ல காயப் போடுங்க. சாயங்காலம் திரும்ப அதே மோர். மோர் தீர்ற வரைக்கும் இப்படியே, அப்புறம் கலகலன்னு சத்தம் வர்ற வரைக்கும் வெறும் வெயில். பங்குனி, சித்திரையில ஆரம்பிங்க. ஐப்பசியில ஆரம்பிச்சா பூஞ்சைதான் மிஞ்சும்.