முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு

ஒரு கொலை பத்திரிகைக்கு அதிகபட்சம் ஒரு வாரச் செய்தி. முதல் நாள் முன்பக்கம். மறுநாள் பிரேத பரிசோதனை. அதற்கடுத்த நாள் சந்தேகநபர் கைது, நீதவான் முன்னிலையில் ஆஜர், விளக்கமறியல். பிறகு செய்தி உள்பக்கத்துக்கு நகர்ந்து, மூலையில் ஒரு சிறு பத்தியாகச் சுருங்கி, ஒருநாள் காணாமற் போய்விடுகின்றது. கொலையுண்டவரின் குடும்பத்துக்கோ அப்போதுதான் எல்லாமே ஆரம்பிக்கின்றன.

மூன்று தசாப்தங்களுக்கும் மேலாகச் செய்தித் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் நீதிமன்ற வளாகங்களில் அத்தகைய குடும்பங்களை அடிக்கடி பார்த்திருக்கிறேன். மர நிழலில் ஒரு தாய், கையில் பழைய பத்திரிகை நறுக்குகளும் மரணச் சான்றிதழின் பிரதியும் அடங்கிய ஒரு பை, பக்கத்தில் பாடசாலைக்குப் போகாமல் துணைக்கு வந்த ஒரு பிள்ளை. உள்ளே வழக்கு அழைக்கப்பட்டு இரண்டு நிமிடங்களில் தவணை போடப்பட்டுவிடும். ஏன் தவணை போடப்பட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பஸ்ஸுக்குக் காசு தேடி வந்தவர்கள் அடுத்த திகதியை யாரிடமாவது கேட்டுக் குறித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். இந்தக் குடும்பங்களுக்கு ஒரு சமூகம் என்ற வகையில் நாம் என்ன செய்கிறோம் என்பதே இன்றைய எனது கேள்வி.

நமது சமூகம் மரணத்தின் முன் கைகட்டி நிற்கும் சமூகமல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். செத்தவீடு என்று கேள்விப்பட்டதும் அழைப்பில்லாமலே ஊர் கூடும். பந்தல் போடுவோரும் கதிரை கொண்டு வருவோரும் தாமாகவே வந்து சேருவர். அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் அயலவர் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பர். கிராமத்து மரண சகாய நிதிச் சங்கம் ஒரு தொகையைக் கையில் கொடுக்கும். எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று துக்கத்துக்கு ஒரு கால அட்டவணையையே முன்னோர் வகுத்து வைத்தனர். கத்தோலிக்கருக்கு முப்பத்தோராம் நாள் பூசை உண்டு. முஸ்லிம்களுக்குக் கத்தம் உண்டு. தனியாக அழவிடக்கூடாது என்பதே இவை அனைத்தினதும் அடிப்படை. உளவளத்துணை என்ற சொல் நம்மிடையே புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நாம் அதைச் செய்து வந்திருக்கிறோம். போர்க்காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள், துயரம் தனிமனிதரை மட்டுமல்லாது முழுச் சமூகத்தையும் காயப்படுத்துகின்றது என்றும், அதை ஆற்றும் பணியும் சமூகத்தினூடாகவே நடைபெற வேண்டும் என்றும் திரும்பத் திரும்ப எழுதியமைக்கு இந்த அனுபவமே பின்னணி.

ஆனால், இந்த மரபு இயற்கை மரணத்தை மனதில் வைத்து உருவானது. கொலையினால் வரும் மரணம் அதன் ஒவ்வொரு படியையும் குலைத்துவிடுகின்றது. மரண விசாரணையும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் முடியும் வரை உடல் வீட்டுக்கு வராது. வந்தாலும் பெட்டியைத் திறக்க முடியாத நிலை இருக்கலாம். இறந்தவரின் கைத்தொலைபேசியும் துவிச்சக்கர வண்டியும் உடையும் சான்றுப்பொருட்களாகி நீதிமன்றக் களஞ்சியத்தில் கிடக்கும். மகனின் கடைசிச் சட்டையைக்கூடத் தாய் கேட்டுப் பெறமுடியாது. அந்தியேட்டி முடிந்து கல்வெட்டு அச்சாகி வந்த பின்னரும் அவள் சாட்சிக் கூண்டில் ஏறி, அந்த நாளை மீண்டும் ஒருமுறை நிமிடம் நிமிடமாக விவரிக்க வேண்டியிருக்கும். ஆறத் தொடங்கிய புண்ணை ஒவ்வொரு தவணையும் கிளறிவிடும்.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. நோயால் இறந்தவரைப் பற்றி ஊர் நல்லதைப் பேசும். கொலையுண்டவரைப் பற்றி ஊர் காரணம் தேடும். “சும்மாவா வெட்டினவங்கள்?” என்ற ஒரு கேள்வி போதும், ஒரு குடும்பம் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே அடைந்துகொள்ள. இறந்தவர் பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவளுடைய நடை, உடை, தொலைபேசி எல்லாமே விசாரணைக்கு உள்ளாகும். இதில் பத்திரிகைகளுக்கும் இணையத்தளங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. “காதல் விவகாரம் எனச் சந்தேகம்” என்று ஆதாரமில்லாமல் ஒரு வரி சேர்ப்பதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. அந்த வரியை அழிக்க அந்தக் குடும்பத்துக்கு ஒரு வாழ்நாள் போதாது.

நீதி கிடைத்தால் ஆறுதல் வந்துவிடும் என்கிறோம். நீதி எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சற்றுப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டு டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த தங்கள் ஊரைப் பார்த்துவரப் போன எட்டுப் பேர் மிருசுவிலில் கொல்லப்பட்டனர். அவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்று. 2015 ஜூன் மாதம் இராணுவத்தைச் சேர்ந்த ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குப் பதினான்கரை ஆண்டுகள் சென்றன. 2019இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் அவர் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார். 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கில், 13 சந்தேகநபர்களும் 2019 ஜூலையில் விடுதலை செய்யப்பட்டனர். சாட்சி சொல்லியிருக்கக்கூடியவர்களில் சிலர் அதற்கு வெகு முன்னரே அச்சம் காரணமாக நாட்டைவிட்டு வெளியேறியிருந்தனர்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011 ஒக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்ட பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவின் வழக்கில் தண்டனை பெற்றவர் 2021இல் மன்னிக்கப்பட்டபோது, கொலையுண்டவரின் மனைவியும் மகளும் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2024 ஜனவரியில் அந்த மன்னிப்பு செல்லுபடியற்றதெனத் தீர்ப்பாயிற்று. ஒரு குடும்பம் விடாப்பிடியாக நின்றால் ஜனாதிபதியின் கையெழுத்தைக்கூடக் கேள்விக்கு உட்படுத்தலாம் என்பதற்கு இது சாட்சி. ஆனால், அந்த மகள் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தென்மராட்சியிலோ வாகரையிலோ கூலி வேலை செய்யும் ஒரு குடும்பம் அப்படி நிற்க வேண்டுமானால் அதன் பின்னால் ஊர் நிற்க வேண்டும்.

சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. குற்றத்தினால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிப்பதற்கென 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இதற்கெனத் தேசிய அதிகார சபை ஒன்றும் இருக்கிறது. வழக்கின் முன்னேற்றத்தை அறிந்துகொள்ளவும், தமக்கெனச் சட்டத்தரணி ஒருவரை முன்னிலையாக்கவும், அச்சுறுத்தப்பட்டால் பாதுகாப்புக் கோரவும் குடும்பத்தினருக்கு உரிமை உண்டு. குற்றவாளிக்கு மன்னிப்பு வழங்குவது பற்றிப் பரிசீலிக்கப்பட்டால் அதுபற்றி அறிவித்தல் பெறும் உரிமை 2015ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. மிருசுவில் மன்னிப்பு அதற்குப் பின்னரே வழங்கப்பட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எழுதப்பட்ட உரிமையைக் கேட்டுப் பெற ஆளில்லாவிட்டால் அது வெறும் அச்செழுத்து மட்டுமே.

ஆகவே, எனது யோசனை மிகச் சாதாரணமானது. நமது சனசமூக நிலையங்களும் மரண சகாய நிதிச் சங்கங்களும் ஆலய பரிபாலன சபைகளும் பங்குச் சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தமது கடமையை முப்பத்தோராம் நாளுடன் முடித்துக்கொள்ளாதிருக்க வேண்டும். கொலையினால் ஒருவரை இழந்த குடும்பத்துக்கு, வழக்கு முடியும் வரை ஒவ்வொரு தவணைக்கும் துணைக்கு இருவர் போகட்டும். ஒருவர் வழக்கு இலக்கத்தையும் திகதிகளையும் ஒரு கொப்பியில் குறித்து வைக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரோ கிராம அலுவலரோ ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். கடிதம் எழுதுவதற்கும் அதிகார சபைக்கு விண்ணப்பிப்பதற்கும் அவர் போதும். பிள்ளைகளின் படிப்புச் செலவை வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கம் பொறுப்பேற்கலாம். தேருக்கும் கோபுரத்துக்கும் பணம் அனுப்புகின்றவர்களுக்கு இது பெரிய தொகையல்ல. தூக்கமின்றியும் உணவின்றியும் தவிப்போரை ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கோ, சாந்திகம் போன்ற நிலையத்துக்கோ கூட்டிச் செல்வதற்கும் ஒருவர் வேண்டும். “அங்கே போனால் விசர் என்பார்கள்” என்ற அச்சத்தைப் போக்குவதற்கு, கூடவே போவதை விடச் சிறந்த வழி இல்லை.

இது நடைமுறைச் சாத்தியமற்றது என்று சிலர் சொல்லக்கூடும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1993 டிசம்பரில் துப்பாக்கிச் சூட்டில் பதினைந்து வயது மகன் லூயிஸை இழந்த கிளமன்டினா செரி என்ற தாய், அடுத்த ஆண்டே மகனின் பெயரில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். கொலை நடந்த வீட்டுக்கு முதல் நாட்களிலேயே சென்று, இறுதிக் கிரியைகளை ஒழுங்குசெய்வது முதல் துணைநிற்பது அதன் பணி. குறிப்பிடத்தக்க விடயம், கொலைசெய்தவரின் குடும்பத்துக்கும் அந்த நிலையத்தின் கதவு திறந்திருக்கிறது என்பதாகும்.

இந்தக் கடைசி விடயம் நமக்கு மிக முக்கியமானது. நமது கிராமங்களில் பல கொலைகள் முன்பின் தெரியாதவர்கள் செய்தவையல்ல. எல்லை வேலி, கொடுக்கல் வாங்கல், குடிபோதை என்று ஒரே ஒழுங்கைக்குள் நடந்தவை. இரு வீட்டாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள். ஒரு வீட்டில் பெட்டி இறங்க, மறுவீட்டுத் தாய் சிறைச்சாலைக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு செல்கிறாள். இரு வீட்டிலும் வளர்ந்துவரும் பையன்கள் இருக்கிறார்கள். துக்கத்தைச் சொல்லி அழ இடமில்லாத பையனை, பழிவாங்கக் கற்றுக்கொடுக்க ஒரு கூட்டம் எப்போதும் தயாராகவே காத்திருக்கிறது. வாள்வெட்டுச் செய்திகளைப் படித்துவிட்டு “இந்தத் தலைமுறை கெட்டுவிட்டது” என்று பெருமூச்சு விடும் நாம், அந்தக் கைகளில் சிலவற்றையாவது, வாளை எடுக்கும் முன்னரே பிடித்திருக்க முடியாதா என்று யோசிப்பதில்லை.

சமாதானமாகப் போகச் சொல்லிப் பாதிக்கப்பட்ட குடும்பத்தை வற்புறுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. “போன உயிர் திரும்பவா போகுது, விடுங்கோ” என்று சாட்சிகளைப் பின்வாங்கச் செய்யும் ஊர்ப் பெரியவர்களையும் நான் அறிவேன். அது ஆற்றுப்படுத்தலல்ல, குற்றத்துக்குத் துணைபோதல். மன்னிப்பதா இல்லையா என்பது இழந்தவர்களுக்கு மட்டுமே உரிய முடிவு. ஊருக்கு உரியது வேறு: அவர்கள் எந்த முடிவை எடுத்தாலும் தனியாக எடுக்க நேராதபடி பார்த்துக்கொள்வது.

சங்கங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டங்களில் கணக்கறிக்கை வாசித்து, நிர்வாகம் தெரிவுசெய்து, தேநீருடன் கலைந்து போகிறோம். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்த்துப் பாருங்கள்: நமது ஊரில் கொலையினால் ஒருவரை இழந்த குடும்பங்கள் எத்தனை, அவர்களின் அடுத்த தவணை எப்போது, யார் கூடப் போவது? பதில் சொல்ல யாராலும் முடியாவிட்டால், அந்தப் பெயர்களைத் தேடி எழுதுவதிலிருந்தே தொடங்கலாம்.