கொரியப் படத்தில் எமதூதர்கள். விருத்தாசலத்தில் சாமிக்குப் பிராது: என்ன தொடர்பு?

‘கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்’ படம் 2025 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. சில மாதங்களிலேயே அந்தத் தளத்தில் அதிகம் பார்க்கப்பட்ட படமானது. கடலூர் மாவட்டம் கம்மாபுரத்தில் செல்போனில் அதைப் பார்ப்பவருக்கு, கறுப்புத் தொப்பி போட்ட ‘சாஜா பாய்ஸ்’ ஏற்கெனவே தெரிந்தவர்கள் மாதிரி இருக்கலாம். காரணம் இருக்கு.

யார் இந்த சாஜா?

உயிரை அழைத்துப்போக வரும் தூதர்கள். நம்ம எமதூதர்கள்தான். பௌத்தத்தோடு சீனா வழியாகக் கொரியா போன எமன், அங்கே ‘யோம்ரா’ என்ற பெயரில் இறந்தவர்களை விசாரிக்கும் அரசன் ஆனார். 2017-ல் வந்த ‘அலாங் வித் த காட்ஸ்’ படத்தில், இறந்துபோன தீயணைப்பு வீரர் 49 நாட்களில் 7 விசாரணைகளைச் சந்திப்பார். கொரியாவில் 1.4 கோடிக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன.

எப்போதுமே கொண்டாடினார்களா?

இல்லை. 1970-களில் அதிபர் பார்க் சுங் ஹீ ஆட்சியில், கிராம முன்னேற்றம் என்ற பெயரில் ‘மூடநம்பிக்கை ஒழிப்பு’ நடந்தது. ஊர்க் கோயில்கள் இடிக்கப்பட்டன. ‘முடாங்’ எனப்படும் சாமியாடிகள் துரத்தப்பட்டனர். 2009-ல் ஜெஜு தீவுச் சடங்கு ஒன்று யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சரி, இங்கே என்ன?

விருத்தாசலம் அருகே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். உருவமில்லாத, பலிபீடம் போன்ற கல்தான் இங்கே முருகன். பக்தர்கள் குறையைத் தாளில் எழுதி, சாமி பாதத்தில் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சந்நிதியில் கட்டுகிறார்கள். இதற்குப் பெயர் ‘பிராது’. மூன்று மாதத்துக்குள் தீர்வு வரும்னு நம்பிக்கை. வேண்டியது நடந்துவிட்டால், மறக்காம வந்து பிராதைத் திரும்பப் பெறணும்.

வித்தியாசம் எங்கே?

யோம்ராவின் விசாரணை செத்த பிறகு. கொளஞ்சியப்பரிடம் வழக்கு, உயிரோடு இருக்கும்போதே. வக்கீல் வேண்டாம், வாய்தா கிடையாது. அதுதான் இந்த நம்பிக்கையின் பலம்.

கொரியாவில் அரசு இடித்ததைப் பின்னாளில் சினிமா கதையாக மீட்டது. இங்கே சடங்கு இன்னும் உயிரோடு இருக்கு. அதைப் படமாகவோ ரீல்ஸாகவோ எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: அங்கே கட்டியிருக்கும் ஒவ்வொரு தாளும், யாரோ ஒருவரின் இன்னும் முடியாத வழக்கு. கதையைச் சொல்லலாம், அந்தத் தாளைப் பிரித்துக் காட்டக் கூடாது.