அம்பின் முனையும் அறுக்கும் கத்தியும்

இராயபுரத்தில் நம் மத்ரஸாவில் வேட்டை குறித்த பாடம் நடக்கையில் ஒரு மாணவர் கேட்டார்: "முயலுக்குக் கூர் அம்பா, மழுங்கிய அம்பா, ஹஜ்ரத்?" வில் வேட்டைக்காரர்கள் சிறு பிராணிகளுக்கு மழுங்கிய முனையையும் எடுப்பதுண்டு. அது துளைக்காது, அடியின் அதிர்ச்சியால் கொல்லும்.

மார்க்கத்தின் விடை தெளிவானது. இறகில்லா அம்பு குறித்து அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வினவியபோது, கூர்முனை துளைத்ததை உண்ணலாம் என்றும், அகலப்பக்கம் தாக்கிச் செத்ததை உண்ணலாகாது என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள் (புகாரி). அடிபட்டுச் செத்ததைத் திருக்குர்ஆனும் (5:3) விலக்குகிறது. உயிருடன் கிடைத்து, பிஸ்மில்லாஹ் கூறி முறைப்படி அறுத்தால் மட்டுமே அது ஹலால்.

முயல் இறைச்சி ஆகுமானதே. ஆயினும் நம் நாட்டில் காட்டு முயலை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எண்ணூர்ப் பக்கம் உண்டிவில்லுடன் திரியும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது பெற்றோர் கடமை.

அப்படியெனில் இப்பாடம் நமக்கு எதற்கு? குர்பானி நாளில் ஆட்டின் விலையையும் எடையையும் விசாரிக்கிறோம். கத்தியின் கூர்மையை விசாரிப்பதில்லை. கத்தியைத் தீட்டிப் பிராணியின் வேதனையைக் குறைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் (முஸ்லிம்). மழுங்கிய அம்பை ஏற்காத மார்க்கத்தில் மழுங்கிய கத்திக்கு இடமேது? அடுத்த பெருநாளுக்கு முன்பே சாணை பிடித்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.