கிணத்துத் தண்ணிக்கு யார் சாட்சி?

பிராக்கிங் பற்றிப் பேச்சு வந்தாலே நம்ம கிளாஸ்ல ரெண்டு கட்சி ஆகிடும். "சேஃப் டெக்னாலஜி"ன்னு ஒரு கட்சி, "விஷம்"னு இன்னொரு கட்சி. நான் கேட்பது வேறு. தோண்டுவதற்கு முன்னாடி அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை யாராவது சோதித்து வைத்தார்களா?

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் டிமாக் என்று ஒரு சின்ன ஊர். தண்ணீர், மணல், ரசாயனம் கலந்து அதிக அழுத்தத்தில் செலுத்தி, ஆழத்திலுள்ள ஷேல் பாறையில் விரிசல் உண்டாக்கி அங்கே எரிவாயு எடுத்தார்கள். 2009 ஜனவரி 1 அன்று ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்தது. காரணம், கிணற்றில் சேர்ந்த மீத்தேன்.

எரிவாயுக் கிணறுகளின் கேசிங்கும் சிமென்ட்டும் சரியில்லாததால் வாயு நிலத்தடி நீரில் கலந்தது என்றது மாநில அரசு. அந்த மீத்தேன் இயற்கையாகவே அங்கே இருந்ததுதான் என்றது நிறுவனம். பழைய டெஸ்ட் ரிப்போர்ட் கையில் இல்லாத வீட்டுக்காரர் இதற்கு என்ன பதில் சொல்வார், சொல்லுங்க? பொதுக் குடிநீர்க் குழாய் அமைக்க 1.6 கோடி டாலருக்கு மேல் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது 2022-ல்தான். கிணறு வெடித்து 13 வருஷம் கழித்து!

2005-லேயே அமெரிக்க மத்திய அரசு, டீசல் கலக்காத பிராக்கிங்குக்குக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்திருந்தது. ஆனால் பென்சில்வேனியா 2012-ல் ஒரு நல்ல விதி போட்டது. ஷேல் வாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்த 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால், கெடுத்தது நிறுவனம்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் நிறுவனம்தான் நிரூபிக்கணும். அதற்குத் தோண்டும் முன்பு எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் வேணும். அதனால் இப்போ நிறுவனமே பாட்டிலோடு வீடு வீடாகப் போகுது.

நம்ம பக்கம் வருவோம். 2020 ஜனவரியில் மத்திய அரசு, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று விதியை மாற்றியது. அடுத்த மாதமே காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியது தமிழ்நாடு. வரவேற்க வேண்டிய சட்டம்தான். ஆனால் ஏற்கெனவே இயங்கும் கிணறுகளை அது தொடாது. அவை எல்லாமே பிராக்கிங் கிணறுகள் இல்லைதான். ஆனா கேசிங்கும் சிமென்ட்டும் எந்தக் கிணற்றுக்கும் உண்டே!

பென்சில்வேனியா விதி இங்கேயும் வரணும் என்பது என் கருத்து. வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். என்விரான்மென்டல் லேப்ல ரெக்கார்டு நோட்டுக்காக ஏதோ ஒரு குழாய்த் தண்ணிக்கு குளோரைடு பார்க்கிறோம். டெல்டா நண்பர்களே, அடுத்த முறை லீவு முடிஞ்சு வரும்போது உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வாங்க. மீத்தேன் பார்க்க நம்ம லேப் பத்தாது, அதை வெளியே கொடுக்கணும். மத்ததை நாமே பார்த்து, தேதி போட்டு எழுதி வைப்போம்.