தர்மத்தை மறைக்கலாம், நோயை மறைக்கலாமா?



சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை வரை மிதிவண்டியில் சென்று, ஏழை நோயாளிகளுக்கு நிதி திரட்டலாம் என்று நம் இளைஞர் சிலர் யோசனை கூறினர். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஒவ்வொருவரும் நோயுற்ற ஒருவரின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு செல்வதாகத் திட்டம். ஜுமுஆவுக்குப் பின் ஒலிமுகமதுபேட்டையில் இதைப் பற்றிப் பேச்செழுந்தபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: "கொடுக்கிறதைக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே தம்பி, இதுக்கு எதுக்கு ஊர்வலம்?"

அந்தக் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. வலக்கரம் கொடுப்பதை இடக்கரம் அறியாதவாறு தர்மம் செய்தவரின் சிறப்பை நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் அனைவரும் அறிவோம். படமெடுத்துப் பரப்புவதற்காகவே செய்யப்படும் உதவிகள் பெருகிவிட்ட காலத்தில், முகஸ்துதியைப் பற்றிய அச்சம் நியாயமானதே.

ஆயினும் மார்க்கம் வெளிப்படையான தர்மத்தைத் தடுக்கவில்லை. வறுமையில் வாடிய முளர் குலத்தார் மதீனாவுக்கு வந்தபோது நபி (ஸல்) அவர்கள் மக்களைக் கூட்டித் தர்மம் செய்யத் தூண்டினார்கள். அன்சாரி ஒருவர் கை தாங்காத பொருட்பையைச் சுமந்து வந்தார். அதைக் கண்டு மற்றவர்களும் கொண்டுவர, உணவும் உடையும் இரு குவியல்களாயின. நற்செயல் ஒன்றைத் தொடங்கி வைப்பவருக்கு, அதைப் பின்பற்றுவோரின் கூலியைப் போன்றதும் உண்டு என்று அவர்கள் கூறியது அந்நிகழ்வில்தான்.

நம்மை வருத்துவது வேறொன்று. தர்மத்தை மறைப்பதில் நமக்குள்ள கவனத்தைவிட நோயை மறைப்பதில் உள்ள கவனம் அதிகம். நம் வீடுகளில் புற்றுநோயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே அரிது. "அந்த வியாதி" என்பார்கள். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமே என்ற அஞ்சுதல் ஒருபுறம், மார்பில் கட்டி இருப்பதைக் கணவரிடமும் சொல்லாத கூச்சம் மறுபுறம். மருத்துவரிடம் சென்று சேரும்போது நோய் முற்றியிருக்கும். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை. நோயே வெளியில் தெரியாவிட்டால் யார் யாரை விசாரிப்பது?

பெயர் சொல்லி நினைவுகூர்ந்ததிலிருந்து பெருங்காரியங்கள் பிறந்திருக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரமே 1954இல் அடையாறு மருத்துவமனையாக எழுந்தது. காஞ்சியின் மைந்தர் அண்ணா, 1969 பிப்ரவரி 3 அன்று அதே நோயால் உயிர் நீத்தது அங்கேதான். காரப்பேட்டை மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இளைஞர்கள் தெரிந்து தேர்ந்தார்களோ தெரியாமல் தேர்ந்தார்களோ, பாதை பொருத்தமானது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தாயைப் புற்றுநோயில் இழந்த பில்லி ஸ்டார் என்பவர் 1980இல் 36 பேருடன் மிதிவண்டிப் பயணமொன்றைத் தொடங்கினார். முதல் ஆண்டில் திரண்டது 10,200 டாலர். இன்று அது நூறு கோடி டாலரைக் கடந்துவிட்டது. இலங்கையில் 2011இல் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை நாடளாவிய நடைப்பயணம் ஒன்று நடந்தது. போரின் வடு ஆறாத அக்காலத்தில், தெற்கிலிருந்து நடந்தவர்கள் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்காக நடந்தார்கள்!

காஞ்சியில் நிதி எதற்குத் தேவை என்பதையும் சொல்லிவிடுவோம். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் என்று பல வாரங்கள் நீளும். நெய்த சேலைக்குத்தான் கூலி என்ற நிலையிலுள்ள நெசவாளி தறிக்குழியில் இறங்காத நாளில் அவருக்கு வருமானம் இல்லை. மருத்துவம் இலவசமாகவே கிடைத்தாலும் பேருந்துக் கட்டணம், உடன் வருபவரின் சாப்பாடு, வீட்டு வாடகை ஆகியவை நிற்பதில்லை. பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவோர் விடுவது இதனால்தான். அந்த நெசவாளி எந்தச் சமயத்தவர் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. ஜகாத் பணத்தை இதில் சேர்ப்பதாயின் அதற்குரியவர் யார் என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தனிக்கணக்கு வைத்துக்கொள்ளட்டும். ஸதகாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆகவே இளைஞர்கள் புறப்படட்டும். ஃபஜ்ர் தொழுததும் கிளம்பினால் நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகளும் வெயிலும் மிகுமுன் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். தலைக்கவசம் இல்லாதவரைச் சேர்க்கக் கூடாது. உயிரும் ஓர் அமானிதமே. சட்டைக்கும் சிற்றுண்டிக்கும் ஆகும் செலவு அவரவர் கைப்பணமாக இருக்கட்டும். திரண்டதில் ஒரு ரூபாய்கூட அதற்குப் போகக் கூடாது.

பெயர் எழுதுவதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயாளியிடம் கேட்டு, அவர் மனமார இசைந்த பின்னரே எழுத வேண்டும். மகன் சம்மதித்தான் என்பதற்காகத் தாயின் பெயரை எழுதிவிடக் கூடாது. வேண்டாம் என்பவருக்காக எழுதாத சட்டையோடு ஒருவர் ஓட்டட்டும். துஆவில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே போகலாம்.