மின்சாரத்துக்கும் பேருந்துக்கும் ஒரு வழக்கறிஞர்



"பி.காம். முடித்த மகள் சட்டம் படிக்க வேண்டும் என்கிறாள். கோர்ட்டு, போலீசு என்று அலைகிற தொழிலாயிற்றே, ஹஜ்ரத்?" என்று காரைக்குடித் தந்தை ஒருவர் என்னிடம் வினவினார். வக்கீல் என்றதும் கொலை வழக்கும் சொத்துத் தகராறுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாம் ஏறும் பேருந்துக்கும் வீட்டில் எரியும் விளக்குக்கும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. அவற்றிலேயே தேர்ச்சி பெற்ற வழக்கறிஞர்களும் உளர்.

பேருந்து அனுமதி தொடர்பாகத் தென்காசி சி.எஸ்.எஸ். மோட்டார் சர்வீஸ் தொடுத்த வழக்கில், பொதுச்சாலைகளை மக்களுக்கான அறங்காவலராகவே அரசு வைத்திருக்கிறது என்று 1952இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த சகீர் அகமது வழக்கில், 1954இல் உச்ச நீதிமன்றமும் அக்கருத்தை ஏற்றது. ஆயின், 1956இல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பட்டு, பேருந்துத் தடங்களை அரசு ஏற்று நடத்த வழி வகுக்கப்பட்டது. வென்ற தீர்ப்பை நம்பி உறங்குபவர் இத்துறைக்கு ஆகார்!

மின்சாரத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ராஜஸ்தானில் ஒரு நுகர்வோருக்கு, 2009 ஜூலை முதல் 2011 செப்டம்பர் வரை கட்டண வகை தவறாகக் கணக்கிடப்பட்டது எனக் கூறி, 2014 மார்ச்சில் 29,204 ரூபாய் கூடுதலாகக் கேட்டது மின் நிறுவனம். பிழை செய்தது நிறுவனம். இருளுக்கு அஞ்ச வேண்டியவரோ நுகர்வோர். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பைத் துண்டிக்குமுன் எழுத்து மூலம் முழுமையாகப் பதினைந்து நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. பழைய பாக்கிக்கு இரண்டாண்டு வரம்பும் விதிக்கிறது. அந்த வரம்பே இவ்வழக்கின் உயிர்நாடி. நிலுவையை வேறு சட்ட வழிகளில் வசூலிக்கலாம், வரம்பு கடந்தபின் மின் இணைப்பைத் துண்டிக்கலாகாது என 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தகைய வழக்கறிஞருக்கு உரத்த குரலைவிடக் கணக்கறிவே பெரிதும் உதவும். மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் தமிழகத்தில் 1999இல் அமைக்கப்பட்டது. அதன் முன் வாதாட, நிலக்கரி விலையும் கம்பிகளில் வீணாகும் மின்சாரமும் ஒரு யூனிட்டின் விலையை எவ்வாறு உயர்த்துகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆணையத்தின் உத்தரவில் குறையுண்டெனில், 45 நாட்களுக்குள் டில்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். பேரேடு பார்க்கப் பழகிய பி.காம். பெண்ணுக்கு இது அந்நியமான உலகமா?

பட்டம் பெற்றவர்க்கு மூன்றாண்டுப் படிப்பு. பிளஸ் டூ முடித்தவர்க்கு ஐந்தாண்டு. காரைக்குடியிலேயே 2022இல் அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டுவிட்டது. மூத்த வழக்கறிஞரிடம் தொழில் பழகும் முதற்சில ஆண்டுகளில் வருவாய் சொற்பமே. இதையும் அத்தந்தையிடம் மறைக்காமல் கூறினேன்.

மகளை அழைத்து வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார். அவள் வந்தால் முதலில் படிக்கக் கொடுப்பதற்கு, அந்த 56ஆம் பிரிவைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.